வெளியேறும் நீருக்கு வரம்பு உண்டு, உறிஞ்சப்படும் உயிர்களுக்கு?

கடல்நீரைப் பயன்படுத்தும் புதிய அனல்மின் நிலையங்கள் வெளியேற்றும் நீரால், அது சென்று கலக்கும் நீரின் வெப்பம் அதன் இயல்பு நிலையைவிட 7 பாகை செல்சியசுக்கு மேல் உயரக் கூடாது என்கிறது இந்தியச் சுற்றுச்சூழல் விதி. ஆனால், அந்நீரை உறிஞ்சும்போதே மடியும் மீன்களைக் கணக்கிட வேண்டும் என்று அவ்விதி கோரவில்லை.

உறிஞ்சு வாயிலில் உயிரிழப்பு இருவகையில் நிகழ்கிறது. நீரின் இழுப்பிலிருந்து மீள முடியாத மீன்கள் சல்லடையில் சிக்கி மடிகின்றன. சல்லடைக் கண்களில் நுழைந்துவிடும் முட்டைகளும் மீன், இறால் குஞ்சுகளும் குழாய்களுக்குள் வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் குளோரினுக்கும் இரையாகின்றன. கழிமுகம் இக்குஞ்சுகளின் வளரிடம். அங்கே நேரும் இழப்பு அடுத்த பருவத்தின் மீன்வளத்தையும் குறைக்கும்.

அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டம், 1972ஆம் ஆண்டு முதலே, 316(பி) பிரிவின்கீழ் உறிஞ்சு வாயில்களுக்குக் கிடைக்கக்கூடிய சிறந்த தொழில்நுட்பத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. எனினும், செலவையும் பயனையும் ஒப்பிட்டு விதி வகுக்கலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் ஆய்வுக்கு வந்த அரசுக் கணக்கில், பாதிக்கப்படும் மீன்களிலும் சிப்பி, இறால் வகைகளிலும் 1.8 விழுக்காட்டுக்கு மட்டுமே பண மதிப்பு இடப்பட்டிருந்தது. மனிதர் பிடிக்காத எஞ்சியவற்றின் மதிப்பு சுழியம்.

சந்தைக்கு வராதது இழப்பாகாது என்னும் இக்கணக்கு நமக்குப் புதிதன்று. எண்ணூர்க் கழிமுகத்தில் இருளர் மக்கள் சேற்றில் கைகளால் துழாவி இறால் பிடிக்கின்றனர். படகில்லாதோரின் பெயர் படகுப் பதிவேட்டில் இராது. வீட்டு உலையில் வேகும் இறால் ஏலக் கணக்கில் ஏறாது. பதிவேடுகளை மட்டும் கொண்டு இழப்பை அளந்தால், முதலில் விடுபடுவோர் இவர்களே.

சட்டத்தில் வழியில்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு, பேரளவில் நீர் எடுப்போரிடம் அதுகுறித்த தகவலைக் கோரும் அதிகாரத்தை மாநில வாரியத்துக்கு அளிக்கிறது. அவ்வதிகாரம் பயன்படுத்தப்பட்டதா என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் நாம் கேட்க வேண்டும். புதிய ஆலைகளுக்கான பொது விசாரணைகளில் மூன்று கோரிக்கைகளை முன்வைப்போம்: இனப்பெருக்கப் பருவம் உட்பட ஆண்டு முழுவதும் உறிஞ்சு வாயிலில் உயிரிழப்பைக் கணக்கிடுதல், நீரை மறுசுழற்சி செய்யும் குளிர்விப்புக் கோபுரங்களை அமைத்தல், கையால் இறால் பிடிப்போரையும் மீனவராகப் பதிவு செய்தல்.