விலைமதிப்பற்ற பிள்ளைகள்

என் மகள் தொடக்கப் பள்ளியில் படித்தபோது, வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே நெடுஞ்சாலை ஒன்று கிடந்தது. ஐந்து ஆண்டுகள், காலையும் மாலையும், அவள் கையைப் பிடித்து நான்தான் கடத்திவிட்டேன். அங்கே ஒரு நடைமேம்பாலம் வேண்டுமென்று தெருப் பெண்கள் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தோம். வாங்கிப் படித்த அதிகாரி கேட்டார்: “இதுவரைக்கும் அங்க எத்தனை சாவும்மா?” ஒன்றும் இல்லை என்றோம். “அப்ப பார்க்கலாம்மா” என்றார்.

அவர் கொடியவர் அல்லர். அவர் கையிலிருந்த கணக்கேட்டில் இறந்த குழந்தைக்கு ஒரு பத்தி இருந்தது. இறக்காமல் காக்கப்படும் குழந்தைக்குப் பத்தி இல்லை. என் சண்டை அந்தக் கணக்கேட்டோடுதான்.

தமிழில் ‘விலைமதிப்பற்ற’ என்றொரு சொல் இருக்கிறது. விலை சொல்ல முடியாத அளவு உயர்ந்தது என்று வகுப்பில் பொருள் சொல்கிறோம். விலையே இல்லாதது என்றும் அதைப் படிக்கலாம். மேடையில் முதல் பொருள், அலுவலகத்தில் இரண்டாம் பொருள். குழந்தைகளையும் தாய்மார்களையும் இந்த நாடு இப்படித்தான் படிக்கிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் எரிந்துபோனார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள். சமையல் கூடத்துத் தீ கூரைக்கு ஏறியது. மேலே ஓலைக் கூரை, கீழே வகுப்பறை. அதற்குப் பிறகுதான் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பாதுகாப்பான பள்ளியில் படிப்பது கல்வி உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2009இல். ஓலையை எடுத்துவிட்டு ஓடு போட என்ன செலவாகும் என்று எந்தக் கொத்தனாரும் சொல்லியிருப்பார். அதைச் செய்யாமல் விட்டால் என்ன செலவு என்று தீக்கு முன்னால் எழுதிவைக்க ஆள் இல்லை.

இறந்தபின் எழுதிய கணக்கையும் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 1994இல் சேர்ந்த அட்டவணை, சம்பாதிக்காத ஒருவரின் ஆண்டு வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளச் சொன்னது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 41 ரூபாய். ரூபாயின் மதிப்பு விழுந்துவிட்டதென்று ஒரு சிறுவனின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை 30,000 ஆக்கியது 2013இல். நடுவில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அரிசி விலை ஏறியது, பிள்ளையின் விலை ஏறவில்லை.

1989இல் ஜாம்ஷெட்பூர் தொழிற்சாலை விழாவில் தீப்பிடித்துப் பெண்களும் குழந்தைகளும் மாண்டார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டு லட்சமும், பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு நான்கு லட்சத்துப் பத்தாயிரமும் தரச் சொன்னது. மூத்த பிள்ளைகளின் தொகை உயர ஒரு காரணம், ஊழியரின் பிள்ளை ஒருவருக்கு அதே நிறுவனத்தில் வேலை தரும் வழக்கம் இருந்தது. அப்பாவின் வேலை நல்லதென்றால் பிள்ளையின் உயிருக்கும் விலை கூடும். அதே தீர்ப்பில், நடுத்தர வயது இல்லத்தரசியின் உழைப்புக்கு மாதம் 3,000 ரூபாய். குறைவென்று திட்டுகிறேன். ஆனால் அவள் உழைப்புக்கு ஒரு எண் எழுதப்பட்டதையும் மறுக்கமாட்டேன்.

பொருளியலாளர்கள் வேறு வழி வைத்திருக்கிறார்கள். ஆபத்தைக் கொஞ்சம் குறைக்க நீங்கள் எவ்வளவு கொடுக்கத் தயார் என்று கேட்பது. குழந்தையைக் கேட்க முடியாது, பெற்றோரைக் கேட்கிறார்கள். ‘தயார்’ என்ற சொல்லில்தான் சூது இருக்கிறது. கூலிக்காரியின் பையில் நூறு ரூபாய்தான் இருந்தால், அவள் பிள்ளைமீதான அன்பும் நூறு ரூபாயா? அந்தப் பையின் முடிச்சே பல வீடுகளில் கணவன் கையில். பணமாகத் தராமல் அவள் தருவதோ எந்தப் பத்தியிலும் ஏறாது. வேலையை விட்டாள், பணியுயர்வை மறுத்தாள், காய்ச்சலோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் இரவைக் கழித்தாள். என் முனைவர் பட்ட ஆய்வு மூன்று ஆண்டு தள்ளிப்போனது. அந்த நடைமேம்பாலத்தின் செலவை நாங்கள் தவணை முறையில் கட்டிக்கொண்டிருந்தோம். அரசு அதைச் சேமிப்பு என்று எழுதிக்கொண்டது.

அப்படியென்றால் கணக்கே வேண்டாம், உயிருக்கு விலை வைப்பது பாவம் என்று சில தோழிகள் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பெட்ரோலில் கலந்த ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுத்தது. 1985இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனம், ஈயத்தைக் குறைத்தால் மிச்சமாகும் மருத்துவச் செலவையும் சிறப்புக் கல்விச் செலவையும் எழுதிக் காட்டியது. நன்மை செலவைவிடப் பல மடங்கு என்று தெரிந்தது. விதி கடுமையானது. அழுகைக்கு அசையாத அலுவலகம் எண்ணுக்கு அசைந்தது. எண்ணைக் கைவிட்டால், அந்த இடத்தில் பூச்சியம் உட்கார்ந்துகொள்ளும். பூச்சியமும் ஒரு விலைதான்.

ஆகவே கணக்கு வேண்டும், நம் கணக்கு வேண்டும். தீக்கு முன்னால் போடும் கணக்கு. அப்பாவின் சம்பளச் சீட்டைப் பார்க்காத கணக்கு. சேரிப் பிள்ளைக்கும் குடியிருப்பு வளாகத்துப் பிள்ளைக்கும், பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே எண். காத்துநிற்கும் அம்மாவின் மணிநேரங்களைச் செலவுப் பத்தியில் ஏற்றும் கணக்கு. அதைப் போடும் மேசையில் அவளும் உட்கார வேண்டும்.

என் மாணவிகளில் பலர் கும்பகோணத் தீக்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்குச் சொல்வது இதுதான். இனி உங்களிடம் யாராவது “எத்தனை சாவு?” என்று கேட்டால் தலைகுனியாதீர்கள். “தினமும் எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்று கேளுங்கள்” எனத் திருப்பிச் சொல்லுங்கள். எண்ணிக்கையை எழுதிக் கையோடு கொண்டுபோங்கள்.