செகண்ட் ஹேண்ட் ஸ்கோப்பும் நகைக்கடன் உரைகல்லும்

புது ஸ்கோப் வாங்க வசதியில்லாதவன்தான் செகண்ட் ஹேண்ட் தேடுவான் என்றொரு நினைப்பு, பறவை பார்க்கும் நண்பர்கள் சிலரிடம் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அதே காசுக்குப் புதிதாகக் கிடைக்கும் மட்டமான ஸ்கோப்பை விட, நன்றாகப் பராமரித்த பழைய உயர்ரக ஸ்கோப் எவ்வளவோ மேல். ஒரே நிபந்தனை, நாமே உரசிப் பார்த்து வாங்க வேண்டும்.

ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பது முக்காலியில் நிறுத்தி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் குட்டித் தொலைநோக்கி. வேலை நிமித்தம் நான் குப்பை கொட்டும் ஜாம்நகரில் இது ஆடம்பரம் இல்லை. பக்கத்தில் நராராவில் கடல் உள்வாங்கினால் சேற்றுவெளி நீண்டுகொண்டே போகும். உள்ளான்கள் அந்தக் கோடியில் மேயும். பைனாகுலரில் எல்லாமே சாம்பல் புள்ளிகள்தான். டன்லினா, கர்லூ சாண்ட்பைப்பரா என்று அலகைப் பார்த்து முடிவு செய்ய ஸ்கோப் வேண்டும்.

விற்பவர் முதலில் சொல்வது, "60 மடங்கு பெரிசா தெரியும் சார்." இது நகைப்பெட்டி மேல் அச்சடித்த கடைப்பெயர் மாதிரி. எங்கள் நகை மதிப்பீட்டாளர் பெட்டியையா பார்க்கிறார்? உரைகல்லில் அல்லவா உரசுகிறார்! முன்கண்ணாடி 80 மி.மீ. என்றால், 20 மடங்கில் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் விட்டம் 4 மி.மீ. 60 மடங்கில் வெறும் 1.3 மி.மீ. பொழுது சாய்ந்தால் படம் இருண்டு போகும்.

ஆக, என் உரைகற்கள் நான்கு:

1. டார்ச். முன்கண்ணாடி வழியே சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போல இழை தெரிந்தால் பூஞ்சை. பால் பூசினாற்போல் மங்கலாக இருந்தால் அதுவும் வேண்டாம். எழுந்து வந்துவிடுங்கள்.

2. ரூபாய் நோட்டு. 15 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். நுண்கோடுகள் பிரிந்து தெரிகின்றனவா? 30லிருந்து 60க்குப் போகும்போது உருவம் மட்டும் பெரிதாகி விவரம் கூடவில்லை என்றால், மிச்ச 30 வெறும் காகிதக் கணக்கு.

3. காக்கை. வெளுத்த வானத்துக்கு எதிரே மின்கம்பியில் உட்கார்ந்த காக்கையின் விளிம்பில் ஊதாவோ பச்சையோ சரிகை கட்டுகிறதா பாருங்கள். நல்ல ஈடி கண்ணாடியில் இது வெகு குறைவு. பட்டையாகச் சரிகை தெரியும் ஸ்கோப்புக்கு ஈடி விலை கொடுக்காதீர்கள்.

4. நட்சத்திரம். ஃபோகஸை இருபுறமும் லேசாகக் கலைத்தால் வட்ட வட்டமாக வளையம் தெரிய வேண்டும். முக்கோணமாகவோ ஒரு பக்கம் இழுத்தோ தெரிந்தால் உள்ளே கண்ணாடி சரியாக உட்காரவில்லை. தலையைச் சாய்த்தும் பாருங்கள். கோணலும் கூடவே சாய்ந்தால் கோளாறு உங்கள் கண்ணில்!

பகல் சோதனைகளை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். உச்சி வெயிலின் கானலில் எந்த நல்ல ஸ்கோப்பும் மட்டமாகத்தான் தெரியும்.

இத்தனை சோதனைக்கு யார் விடுவார்கள் என்கிறீர்களா? நல்ல பொருள் வைத்திருப்பவர் விடுவார். நான் பார்த்தது மூன்று. முதலாமவர் போட்டோ மட்டும் அனுப்பி, "இன்னொரு பார்ட்டி ரெடி, யூபிஐயில் அட்வான்ஸ் போடுங்க" என்றார். பார்க்காத பொருளுக்கு அட்வான்ஸா? பேச்சை அங்கேயே முடித்தேன். இரண்டாவதில் பூஞ்சை. மூன்றாமவர், ரிட்டயர்டு மனிதர். அவரே டார்ச்சை எடுத்து வந்து, வெளிக்கண்ணாடியில் இருந்த சின்னக் கீறலைக் காட்டினார். அந்தக் கீறல் படத்தில் தெரியவே இல்லை. பேரம் பேசாமல் கேட்ட விலையைக் கொடுத்தேன்.

ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும். பல கம்பெனிகளின் வாரண்டி முதலில் வாங்கியவரோடு முடிந்துவிடும். பழைய பில்லைக் கேட்டு வாங்குங்கள். ரிப்பேருக்கு எங்கே அனுப்ப வேண்டும் என்பதையும் விசாரித்து, அந்தச் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பெயரைப் பார்த்துக் கடன் கொடுத்த வங்கிகளின் கதை நாட்டுக்கே தெரியும். ஸ்கோப் விஷயத்திலாவது உரசிப் பார்த்துக் காசு கொடுப்போம்.