சனிக்கிழமை வந்த டாக்டர், திங்கள்கிழமை எங்கே?

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டைக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததும், உங்கள் இன்ஸ்டா முழுக்க ராஜகிரி மலைதான் ஓடியிருக்கும். அடுத்த மாதமே செஞ்சிக்காரர்களுக்கு நேரடியாகப் பயன்படுகிற இன்னொரு விஷயம் தொடங்கியது. அதுக்கு யாரும் ரீல்ஸ் போடல.

'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம். ஆகஸ்ட் 2-ல் ஆரம்பம். மாநிலம் முழுக்க 1,256 முகாம்கள், ஒரு ஒன்றியத்துக்கு 3 என்பது கணக்கு. சனிக்கிழமை காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை 17 துறை டாக்டர்கள் நம்ம ஊர்ப் பக்கமே வந்து உட்காருவார்கள்.

இது சின்ன விஷயம் இல்லை. இதய டாக்டரோ நரம்பு டாக்டரோ தாலுகா ஆஸ்பத்திரியில் பொதுவாக இருக்க மாட்டார். செஞ்சியிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குத்தான் போகணும். 35, 40 கிலோமீட்டர். செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை, பஸ்தான். கூலி வேலை செய்கிறவருக்கு ஒருநாள் சம்பளமும் போச்சு.

இப்போ அந்த டாக்டர் பக்கம் வருவோம். 7 மணி நேரம் என்றால் 420 நிமிடம். 100 பேரைப் பார்த்தால், சாப்பிடக்கூட எழுந்திருக்காவிட்டாலும், தலைக்கு 4 நிமிடம். அதில் பழைய சீட்டைப் படிக்கணும், கேட்கணும், எழுதணும்.

தென்னாப்பிரிக்காவில் 1994-லிருந்து 'பெலோபெபா' என்ற மருத்துவ ரயில் ஊர் ஊராகப் போகிறது. நம் நாட்டில் 'லைஃப்லைன் எக்ஸ்பிரஸ்' 1991-லேயே கிளம்பிவிட்டது. தேடி வருகிற மருத்துவம் எங்கேயும் ஒரே மாதிரிதான். கண்ணாடி, பல், கண்புரை மாதிரி ஓரிரு தடவையில் முடிகிற வேலைக்கு அது அருமை. மாற்றுத்திறனாளி சான்றிதழை அலையாமல் முகாமிலேயே வாங்குவதும் அப்படித்தான். ஆனால் நெஞ்சுவலிக்கு எக்கோ எடுத்து, "மேற்கொண்டு பார்க்கணும்" என்று எழுதிக் கொடுத்தால்? மறுபடி அதே 40 கிலோமீட்டர்.

பிபி, சுகருக்கு இந்தச் சிக்கல் குறைவு. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இதய நோயாளியை அப்படித் திரும்பத் திரும்ப வந்து பார்க்க ஆள் வேண்டாமா? என்னைக் கேட்டால், நான்காவது முகாமைவிட, மாதம் ஒரு நாள் அதே டாக்டர் செஞ்சி அரசு மருத்துவமனைக்கு வருவதுதான் முக்கியம்.

அதுவரை வேலை உங்களுக்குத்தான். அம்மா, அப்பாவை முகாமுக்கு அனுப்பினால் ரிப்போர்ட்டை உடனே போட்டோ எடுத்து வையுங்கள். எந்த ஆஸ்பத்திரி, எந்தத் துறை, என்றைக்கு வரணும் என்று கேட்டு எழுதி வாங்கச் சொல்லுங்கள். முதல்வர் காப்பீட்டு அட்டை இல்லையென்றால் அங்கேயே பதியலாம். ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கணும். அடுத்த முகாமில் வேறு டாக்டர் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் போனில் இருக்கிற போட்டோதான் அவருக்குப் பழைய ரெக்கார்டு.