அலங்காநல்லூர் ஆலையைத் திறக்க நாள் குறியுங்கள்



வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகையும் பெரியாற்றுத் தண்ணீரும் சேர்ந்து பேரணைக் கால்வாயில் பாயும் பகுதியில்தான் அலங்காநல்லூர் தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலை நிற்கிறது. 2019-க்குப் பிறகு அங்கே அரவை இல்லை. திறக்கச் சொல்லி விவசாயிகளும் தொழிலாளர்களும் பலமுறை போராடிவிட்டார்கள். போதிய கரும்பு இல்லை என்பதே அவர்களுக்குக் கிடைக்கும் பதில். ஆனால், கரும்பு நட்டு வெட்ட பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். அரவை நடக்குமா என்றே தெரியாத ஆலையை நம்பி யார் கரணை ஊன்றுவார்கள்? வெட்டிய கரும்பு ஒரு நாள் தாமதித்தாலே எடையும் சர்க்கரைச் சத்தும் இறங்கிவிடும். தொலைவிலுள்ள ஆலைக்கு லாரியில் ஏற்றினால் வாடகைக்கும் வெட்டுக்கூலிக்குமே கிடைக்கும் விலையில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே, கரும்பு குறைந்ததற்கு ஆலை மூடிக்கிடப்பதும் ஒரு காரணம்.

நட்டத்தில் ஓடிய ஆலைக்கு மக்கள் வரிப்பணம் எதற்கு என்று கேட்பது நியாயமே. ஆனால், சக்கையிலிருந்து மின்சாரமும் கழிவுப்பாகிலிருந்து எத்தனாலும் எடுக்க முடிகிற காலத்தில், சர்க்கரை விலையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்ப்பது சரியல்ல. கரும்பு தண்ணீரை அதிகம் குடிக்கும் பயிர் என்பதை மறுக்கவில்லை. வைகையின் வறட்சியை எங்களைவிட அறிந்தவர் யார்? அதனால்தான் சொட்டுநீர் அமைப்பவர்களின் கரும்புக்கு ஆலைப் பதிவில் முன்னுரிமை கேட்கிறோம். பழுதுபார்ப்புக்கு நிதி ஒதுக்கி, மார்கழி நடவுக்கு முன்பே அடுத்த அரவைக்கான நாளை அரசு எழுத்தில் அறிவிக்க வேண்டும்.

- ஒரு வாசகர், வருசநாடு, தேனி மாவட்டம்