மாவலிபுரம் சென்ற தோணி

பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’ கவிதையைப் படித்து மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர், அந்தத் தோணி சென்ற நீர்வழி இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்திருப்போம்? கவிஞரும் நண்பர்களும் சென்னையிலிருந்து மாமல்லபுரம் சென்றது பக்கிங்காம் கால்வாய் வழியேதான்.

வண்டலூர்வாசிகளான எங்களுக்கு அது தொலைவில் இல்லை. கேளம்பாக்கம் சென்று, பழைய மாமல்லபுரம் சாலையைக் கடந்து கோவளத்தை நோக்கிப் போனால், பாலத்தின் அடியில் கிடக்கிறது. உப்பளங்களும் உப்பங்கழியும் சூழ்ந்த அவ்விடத்தில் நிற்கையில், ஒரு பெருவழியின் மேல் நிற்கிறோம் என்ற உணர்வு யாருக்கும் எழுவதில்லை.

1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கிய வாய்க்கால், ஆந்திரத்தின் பெத்தகஞ்சாம் முதல் நம் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கி.மீ. நீண்டது. அதில் 163 கி.மீ. தமிழகத்தில். 1877-78 பெரும்பஞ்சத்தில், நிவாரண வேலையாக, கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டியபோதுதான் வடபகுதியும் தென்பகுதியும் ஒன்றாயின. வாய்க்காலுக்கு அன்றைய ஆளுநரின் பெயர் கிடைத்தது. மண் சுமந்த பசித்த மக்களுக்கு ஒரு கல்வெட்டும் இல்லை. தோணியைத் தம் உடலுழைப்பால் நகர்த்திய தொழிலாளரைப் பாரதிதாசன் காணத் தவறவில்லை என்பதே அக்கவிதையின் பெருமை என்போம்.

அரிசியும் உப்பும் விறகும் நகருக்கு வந்த இவ்வழியை இரயிலும் லாரியும் வென்றன, புயல்கள் சிதைத்தன, மண் தூர்த்தது. நகருக்குள் கழிவுநீர் நிறைந்தது. பறக்கும் இரயிலின் தூண்களும் அதன் மார்பிலேயே ஊன்றப்பட்டன. 2008இல் இது தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் பேச்செல்லாம் சரக்கைப் பற்றியதே.

எங்கள் வேண்டுகோள் எளியது. முதலில் கழிவுநீரை நிறுத்துங்கள். பின்னர், முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரையேனும் ஒரு பயணப் படகை விடுங்கள். உல்லாசச் சவாரியாக அன்று. பயணச்சீட்டு வாங்கி எவரும் ஏறும் படகாக. செலவு மிகும், பேருந்தே விரைவு என்பார்கள். உண்மைதான். ஆனால், நார்வேயின் கடலோர ஊர்களைத் தொட்டுச் செல்லும் கப்பலில் நாட்கணக்கில் பயணம் செய்ய உலகெங்கிலுமிருந்து மக்கள் வருவது விரைவுக்காகவா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகிறவருக்கு, சேருமிடம் மட்டுமே தெரியும். தோணியில் போனவருக்கு மணல்மேடும் பனையும் கழிமுகப் பறவையும், கழி ஊன்றுபவரின் வியர்வையும் தெரிந்தன. அதனால்தான் அப்பயணம் கவிதையாயிற்று. நீர்வழியை இழந்ததோடு, அப்படிக் காணும் பொழுதையும் நாம் இழந்துவிட்டோம். கவிதையைப் பாடத்தில் வைத்துக்கொண்டு வாய்க்காலைச் சாக்கடையாக விட்டுவைப்பது, தமிழுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகுமா?