கிலோமீட்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கணக்கைப் பாருங்கள்!

வண்டி வாங்கும் பேச்சு வந்தாலே, 'அது ஆம்பளைங்க விஷயம்' என்று நம்மில் பலர் அடுப்படிக்குள் போய்விடுகிறோம். ஆனால், பணம் போதவில்லை என்றதும் முதலில் கழற்றப்படுவது யாருடைய வளையல்? நம் நகை அடகுக்குப் போகிறது என்றால், எந்த வண்டி, என்ன விலை என்று பேசும் உரிமையும் நமக்கு உண்டு. அதுவும் லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடின பழைய லோடு வேன் என்றால், பேசியே ஆக வேண்டும்.

நாங்கள் மதுரையில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். சரக்கு எடுத்துப் போக லோடு ஆட்டோவுக்கு ஒரு நாளைக்கு 700 ரூபாய். மாதம் 26 நாளைக்கு 18,200 ரூபாய். 'சொந்தமா ஒரு பழைய குட்டி யானை வாங்கிட்டா இந்தப் பணம் மிச்சம்தானே' என்றார் என் வீட்டுக்காரர். நியாயமான பேச்சுதான். ஆனால், ஆட்டோ வாடகை முழுவதும் மிச்சமாகி விடுமா?

ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்தோம். தினமும் 45 கிலோமீட்டர் ஓட வேண்டும். டீசலுக்கு மாதம் 6,000. நகைக் கடன் 2 லட்சம் என்றால், நூற்றுக்கு 9 வட்டியில் மாதம் 1,500. இன்சூரன்ஸ், வரி, எஃப்.சி. எல்லாம் வருடத்துக்கு ஒரு முறை வந்தாலும், மாதம் 2,500 எடுத்து வைத்தால்தான் அந்த நேரத்தில் கையைப் பிசையாமல் இருக்கலாம். பழைய வண்டி ஆயிற்றே, ரிப்பேருக்கு மாதம் 3,000. ஆக மொத்தம் 13,000. மிச்சம் 5,200 ரூபாய்தான்.

அந்த 5,200-ஐ ஒரு மாதம் விடாமல் கட்டினாலும், 2 லட்சத்தை அடைத்து நகையை மீட்க மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். அப்போ நாம் கேட்க வேண்டிய கேள்வி, 'வண்டி இன்னைக்கு நல்லா ஓடுதா?' என்பது இல்லை. 'இன்னும் மூணு வருஷம் ஓடுமா?' என்பதுதான். விலையில் பத்தாயிரம் கூடினால், நகை பெட்டிக்குத் திரும்ப இரண்டு மாதம் தள்ளிப் போகும். இப்படிக் கணக்குப் போட்ட பிறகு, பேரம் பேச நமக்கே தைரியம் வந்துவிடும்.

அடுத்தது, எல்லாரும் பயப்படுகிற கிலோமீட்டர். நாங்கள் இரண்டு வண்டி பார்த்தோம். ஒன்று எட்டு வருட வண்டி. மீட்டரில் 62,000 தான். இன்னொன்று ஒன்பது வருடம், 1,90,000 காட்டியது. 'லட்சத்தைத் தாண்டினது கிழட்டு மாடு மாதிரி, வேண்டாம்மா' என்றார் அவர். 'மாடு வாங்கினா பல்லைப் பிடிச்சுப் பார்ப்பீங்கல்ல? இதையும் அப்படிப் பாருங்க' என்றேன் நான்.

முதல் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. ஸ்டீயரிங் பளபளத்தது. டிரைவர் சீட்டு ஒரு பக்கம் அமுங்கிக் கிடந்தது. தினமும் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றின வண்டி என்று விற்கிறவரே சொன்னார். 62,000 கிலோமீட்டர் என்றால் ஒரு நாளைக்கு 25 கிலோமீட்டர் கூட வரவில்லையே! சர்வீஸ் பில் ஒன்றுகூட இல்லை. மீட்டரைக் குறைத்து வைப்பது பழைய வண்டி வியாபாரத்தில் புதிதல்ல.

இரண்டாவது வண்டி ஒரே கையில் இருந்தது. பில்களை எல்லாம் ஃபைலில் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பில்லிலும் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறிக்கொண்டே வந்தன. 1,60,000-இல் கிளட்ச் பிளேட் மாற்றியிருந்தார்கள். வருடத்துக்குச் சுமார் 21,000 கிலோமீட்டர் என்பது தினசரி ஓடும் லோடு வண்டிக்கு அதிகமே இல்லை. எண்ணெய் மாற்றாமல் ஓட்டின வண்டியைவிட, கவனித்து ஓட்டின வண்டி தேவலாம் என்பது என் அபிப்பிராயம்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடக் கூடாது. ஆயிரம் ரூபாய் கொடுத்து, விற்கிறவருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனோம். காலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கும்போதே ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொன்னார். சூடாக இருக்கும்போது எந்த வண்டியும் சட்டென்று கிளம்பிவிடுமாம். நீலப் புகை விடாமல் வந்தால் இன்ஜின் எண்ணெய் குடிக்கிறது என்று அர்த்தம். அடியில் குனிந்து சேஸிஸில் துரு இருக்கிறதா என்றும் பார்த்தார். மீன் லோடும் உப்பு லோடும் ஏற்றின வண்டி, மேலே புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் அடியில் அரித்திருக்கும்.

காகிதங்களையும் நாமே பார்க்க வேண்டும். எட்டு வருடம் தாண்டின சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு இருந்தால், அதை நீக்கின பிறகே முழுப் பணம் கொடுக்க வேண்டும். வாங்கின 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுத்துவிட வேண்டும். 'அப்புறம் மாத்திக்கலாம்' என்பதே கூடாது. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ, விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வண்டியை விற்கிறவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும்.

நாங்கள் ஃபைல் வைத்திருந்த வண்டியைத்தான் எடுத்தோம். 1,60,000-க்கு முடித்தோம். மீதி 40,000-ஐ டயர், பேட்டரி, முதல் ரிப்பேருக்கு என்று கையில் வைத்துக்கொண்டோம். வாங்குகிற அன்றே எல்லாப் பணத்தையும் வண்டிக்காரரிடம் கொடுத்துவிட்டால், முதல் முறை பிரேக் டவுன் ஆகும்போது கந்து வட்டிக்காரரைத் தேடத்தானே வேண்டியிருக்கும்?

ஆர்.சி. என் பெயரில் இருக்கிறது. 'பேரு யாருதா இருந்தா என்ன?' என்று உறவுக்காரர் ஒருவர் கேட்டார். பெயரோடு பொறுப்பும் சேர்ந்துதான் வருகிறது. அதனால் இன்சூரன்ஸ் தேதியை நானே காலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால், நகை என்னுடையது எனும்போது, அதன் பலனில் என் பெயர் இருப்பதில் என்ன தப்பு? மாவு அரைப்பதில் பாதி உழைப்பு என்னுடையது. காகிதத்திலும் அது தெரியட்டுமே!

எல்லா வீட்டுக்கும் வண்டி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மாதத்தில் பத்து நாள்தான் வேலை என்றால், வாடகை வண்டியே லாபம். எதுவானாலும், நகையைக் கழற்றுவதற்கு முன்னால் நோட்டை எடுங்கள். வருகிற மிச்சத்தில் நகை எத்தனை மாதத்தில் திரும்பும் என்று எழுதிப் பாருங்கள். அந்தப் பதில் உங்கள் வீட்டுக்காரரிடம் இல்லையென்றால், வளையல் கையிலேயே இருக்கட்டும். என்ன தோழியரே, நான் சொல்வது சரிதானே?

- ஒரு வாசகி, மதுரை.