பழைய காரும் மாற்று எஞ்சினும்: பதிவேட்டுக்கு வெளியே நிற்கும் ஒரு தொழில்

அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டைக் காரணங்காட்டி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளின் பின்னர் 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இனி விலைகள் இறங்கும், நடுத்தரக் குடும்பமொன்றும் புதிய கார் வாங்கலாம் என்று பலர் எதிர்பார்த்திருந்தனர். ஆனால், சுங்கத் தீர்வை, உற்பத்தித் தீர்வை, அவற்றின் மீது 18 வீத பெறுமதி சேர் வரி என அடுக்கடுக்காக விழுந்த சுமைகள் அந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிவிட்டன. 2022இல் டொலரொன்று 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதும், அதன் பின்னர் பழைய நிலைக்குத் திரும்பாததும் எஞ்சியிருந்த ஆசையையும் அணைத்துவிட்டன. புதிய கார் எட்டாக்கனியாகிவிட்ட நிலையில், இருக்கின்ற பழைய காருக்குப் புதிய உயிர் கொடுப்பதே பலருக்கு எஞ்சியுள்ள வழியாகும்.

அம்பாறைக் கரையோரத்தில் இத்தேவை இன்னும் கூர்மையானது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் எனத் தொடரும் தமிழ் பேசும் ஊர்களுக்குப் புகையிரதம் இல்லை. கிழக்கின் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகின்றது. தலைநகரமோ 300 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. மருதமுனைக் கைத்தறித் துணியைச் சந்தைக்குக் கொண்டு செல்வதாயினும், நோயாளியொருவரை நள்ளிரவில் மட்டக்களப்பு வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதாயினும், வீட்டு வாசலில் நிற்கும் பழைய சிறிய காரே கைகொடுக்கின்றது. இங்கே கார் ஆடம்பரமன்று.

இந்தப் பின்னணியிலேயே எஞ்சின் மாற்றும் தொழிலை நோக்க வேண்டும். 1948 முதல் 1972 வரை தயாரிக்கப்பட்ட மொறிஸ் மைனர் காருக்கு டட்சன் 1200 எஞ்சினையும் கியர்பொக்ஸையும் பூட்டுவது இலங்கையில் நெடுங்காலமாக அறியப்பட்ட வேலை. டொயோட்டா கொரோலா கே.ஈ. 70 காரில் இருந்த 1290 சீசீ 4கே எஞ்சின் தேய்ந்துவிட்டால், அதே குடும்பத்தைச் சேர்ந்த 1486 சீசீ 5கே எஞ்சின் பெரிய மாற்றமின்றி அவ்விடத்தில் அமர்ந்துவிடும். இத்தகைய எஞ்சின்கள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வருபவை. அங்கு புதிய காருக்கு மூன்றாம் ஆண்டிலும், பின்னர் இரண்டாண்டுக்கு ஒரு முறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதற்கான செலவைத் தவிர்க்க உரிமையாளர்கள் நல்ல நிலையிலுள்ள காரையும் கைவிட்டுவிடுகின்றனர். கழற்றப்பட்ட பாகங்கள் கப்பலேறிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளை அடைந்து, அங்கிருந்து கிழக்கின் கராஜ்களுக்கும் வருகின்றன.

ஒரே குடும்பத்து எஞ்சினை மாற்றுவது எளிது. ஆனால் காபுரேட்டர் இருந்த காருக்கு எரிபொருளை மின்னணு முறையில் தெளிக்கும் எஞ்சினைப் பூட்டுவது வேறு வேலை. எஞ்சினோடு அதன் கம்பியூட்டர் பெட்டியும், வயரிங் முழுவதும், உணரிகளும் வர வேண்டும். தாங்கியிலிருந்து உயர் அழுத்தத்தில் பெற்றோலை அனுப்பும் பம்பியும், மிகுதி எரிபொருள் தாங்கிக்குத் திரும்பும் குழாயும் தேவை. தன்னியக்கக் கியர்பொக்ஸ் என்றால் அதுவும் அந்தக் கம்பியூட்டரோடு இசைந்து பேச வேண்டும். பின்சில்லைச் சுழற்றிய காருக்கு முன்சில்லைச் சுழற்றும் எஞ்சின் பொருந்தாது. பாடப்புத்தகம் எதுவுமின்றி, ஒரு பாஸிடமிருந்து அடுத்த பாஸுக்குக் கைவழியாக இறங்கிய அறிவினால் இவை செய்யப்படுகின்றன என்பது வியந்து போற்றத்தக்கதாகும்.

இதனை ஏழைகளின் ஒட்டுவேலை என இகழ்வோர் உலகத்தைச் சற்று நோக்குவது நல்லது. அமெரிக்காவின் பொருளாதாரத் தடைக்குள் சிக்கிய கியூபாவில், 1950களின் அமெரிக்கக் கார்கள் பிற நாட்டு டீசல் எஞ்சின்களுடன் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு காரை மேலும் பத்தாண்டு ஓடவைப்பது, புதிய காரொன்றின் இறக்குமதிக்குச் செல்லும் டொலரை நாட்டிலேயே நிறுத்துகின்றது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது என அறிவித்த தேசத்துக்கு இது சிறிய சேவையன்று.

அவ்வாறாயின் பிரச்சினை எங்கே? முதலாவது, காகிதத்தில். வாகனத்தின் பதிவுச் சான்றிதழில் சேஸி இலக்கத்தோடு எஞ்சின் இலக்கமும் எஞ்சினின் கொள்ளளவும் எரிபொருள் வகையும் குறிக்கப்படுகின்றன. எஞ்சின் மாறினால், அதனை வாங்கிய பற்றுச்சீட்டுடன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, பரிசோதனைக்கு வாகனத்தைக் காட்டி, பதிவைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆயினும், பற்றுச்சீட்டில்லாமல் வாங்கியவர்களும், ஒரு நாள் வேலையை இழந்து அலுவலகம் செல்லத் தயங்குபவர்களும் இதனைக் கைவிட்டுவிடுகின்றனர். கார் ஓடுகிறதுதானே என்ற எண்ணமே அவர்களை ஆட்கொள்கின்றது.

இதன் விலை பின்னர் தெரியவரும். வீதிச் சோதனையில் பதிவேட்டிலுள்ள இலக்கமும் எஞ்சினில் பொறிக்கப்பட்ட இலக்கமும் வேறுபட்டால், திருட்டு எஞ்சின் என்ற ஐயம் நிரபராதியான உரிமையாளர் மீதே விழும். காப்புறுதி ஒப்பந்தம் முழு நம்பிக்கையின் அடிப்படையிலானது. முக்கியமான மாற்றத்தை மறைத்தவரின் கோரிக்கையை நிராகரிக்கக் காப்புறுதியாளருக்கு வாய்ப்புண்டு. காரை விற்கும்போதும் அதே சிக்கல் வாங்குபவரின் தலைக்கு மாறுகின்றது. 2022 எரிபொருள் நெருக்கடியின்போது கியூ.ஆர். முறை வந்தபோது, வாகன இலக்கமும் சேஸி இலக்கமும் திணைக்களப் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. பதிவேடு என்பது அலுமாரியில் உறங்கும் காகிதமல்ல, பெற்றோல் கிடைக்குமா கிடைக்காதா என்பதையே தீர்மானிப்பது என்பதை அன்று முழு நாடும் கற்றுக்கொண்டது.

இரண்டாவது பிரச்சினை உயிர் சம்பந்தப்பட்டது. எஞ்சின் வலுப்பெறும்போது பிரேக் வலுப்பெறுவதில்லை. 1970களின் டிரம் பிரேக்கும் பழைய ஸ்பிரிங்கும் கொண்ட காரில் கூடுதல் வலுவுள்ள எஞ்சினைப் பூட்டினால், அது விரைவாகப் புறப்படும், விரைவாக நிற்காது. கடலோர ஊர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. உப்புக்காற்று எஞ்சினை அல்ல, உடலையே முதலில் தின்கின்றது. எஞ்சின் தாங்கும் இடத்தின் தகடு உள்ளே துருப்பிடித்திருக்க, மேலே வர்ணம் பளபளக்கலாம். அதன்மீது பாரமான எஞ்சினை அமர்த்துவது, உக்கிய மரத்தில் ஊஞ்சல் கட்டுவதற்கு ஒப்பானதாகும். தனியார் கார்களின் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் கேட்கப்படுகின்றன. பஸ்ஸுக்கும் லொறிக்கும் கேட்கப்படும் தகுதிச் சான்றிதழ் இவற்றுக்கு இல்லை. புகையை அளக்கும் அரசு, பிரேக்கை அளப்பதில்லை என்பது வேதனைக்குரியது.

இத்தகைய மாற்றங்களைத் தடைசெய்துவிடலாம் என்று சிலர் கூறக்கூடும். இந்தியாவின் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, எஞ்சின் மாற்றத்துக்கும் பதிவு அதிகாரியின் அனுமதியை வேண்டி நிற்கின்றது. 2019 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளரின் மூல விபரக்குறிப்புக்கு முரணாக வாகனத்தை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆனால், அங்கே உள்நாட்டில் தயாரான சிறிய கார்கள் தாராளமாக உள்ளன. வாகனங்களுக்குப் பெரும்பாலும் இறக்குமதியை நம்பியிருக்கும் எமது நாட்டில் தடை என்பது தொழிலை நிறுத்தாது, மறைவிடத்துக்கே தள்ளும். எஞ்சின் இலக்கமோ கொள்ளளவோ எரிபொருள் வகையோ மாறினால் உரிய அதிகார சபைக்கு அறிவித்தாக வேண்டும் என்பதே பிரித்தானியாவின் நடைமுறை. அறிவித்தல் எளிதாக இருக்கும் இடத்தில் மறைத்தல் குறைகின்றது. எமக்குப் பொருத்தமான பாதையும் அதுவே.

ஆகவே, சில நடவடிக்கைகள் அவசரமானவை. பிரதேச செயலகங்கள் தோறும் குறித்த தினங்களில் திணைக்களத்தின் நடமாடும் சேவை நடத்தப்பட்டு, எஞ்சின் மாற்றங்கள் அவ்விடத்திலேயே பரிசோதிக்கப்பட்டுப் பதியப்பட வேண்டும். அப்பரிசோதனை இலக்கத்தைப் பார்ப்பதோடு முடிந்துவிடாமல், பிரேக்கையும் எஞ்சின் தாங்கிகளையும் எரிபொருள் குழாய்களையும் கட்டாயம் உள்ளடக்க வேண்டும். ஏற்கெனவே மாற்றிவிட்டுப் பதியாதிருப்பவர்களுக்குத் தண்டமற்ற கால அவகாசமொன்றை வழங்குவதும் நன்று.

தொழிலாளரைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் நவீன வாகனங்களில் வேலைசெய்து திரும்பிய எமது இளைஞர்கள் பலரிடம் திறமை உண்டு, சான்றிதழ் இல்லை. முன்னனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழில் தகைமையான என்.வீ.கியூ. சான்றிதழ் வழங்கும் முறை நாட்டில் இருக்கின்றது. அதனைக் கராஜ் வாசலுக்கே கொண்டுவருதல் வேண்டும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. ஏட்டறிவும் கையறிவும் சந்திக்க இதனைவிடச் சிறந்த களம் வேறில்லை.

எமது மக்களுக்கும் கடமையுண்டு. எஞ்சினை வாங்கும்போது பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். விற்கும்போது மாற்றத்தைச் சொல்லி விற்பனை செய்யுங்கள். குறையை மறைத்து விற்கும் வியாபாரத்தை இஸ்லாமிய வணிக நெறியும் தமிழர் அறநெறியும் ஒருசேரக் கண்டிக்கின்றன. பாஸ்மாரும் எஞ்சினுக்குப் பணம் உண்டு, பிரேக்குக்குப் பணமில்லை என்று கூறும் வாடிக்கையாளரிடம் வேலையை மறுக்கும் துணிவைப் பெற வேண்டும்.

காரைக் காப்பாற்றத் தெரிந்த சமூகம், அதில் பயணிப்போரைக் காப்பாற்றவும் தெரிந்திருக்க வேண்டும். இத்தொழிலைச் சட்டத்தின் வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் பொறுப்பை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களமும், இப்பிரதேச மக்கள் பிரதிநிதிகளும் இனியும் தள்ளிப்போடலாகாது. விபத்தொன்று நிகழ்ந்த பின்னர் விசாரணை நடத்துவதைவிட, முன்கூட்டியே ஒரு வழியைத் திறந்துவிடுவதே அறிவுடைமையாகும்.